பின்சக்கரத்தை ஆட்டிப் பார்த்த அன்று

மூன்று வருடங்களுக்கு முன்னால், பொங்கல் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை. பம்மலுக்கும் திருநீர்மலைக்கும் நடுவில் ஒரு காலி மனையில் ரிமோட் கார் பந்தயம். அங்கே எழுபது எண்பது பேருக்கு முன்னால் ஒரு மனுஷன் மேல் பழி போட்டேன். அன்று காலையில் அது பழி என்று எனக்கே தெரியாது. அதனால்தான் அவ்வளவு சத்தமாகப் போட்டேன்.

ரிமோட் கார் என்றதும் கடைத்தெருவில் குழந்தைகளுக்கு வாங்கித் தருவதை நினைக்க வேண்டாம். இது முழங்கை நீளம் இருக்கும். உள்ளே நிஜ வண்டியில் இருக்கிற எல்லாமும் இருக்கும். ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங், சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் அசைகிற கை, அந்தக் கை அசைவதற்கு ஒரு பின், எல்லாம் சின்ன அளவில். அந்தக் கையை நாங்கள் ஆர்ம் என்போம். செம்மண்ணில் மேடும் பள்ளமும் வளைவுமாகப் பாதை போட்டு, தூசி அடங்கத் தண்ணீர் தெளித்து, ஓட்டுகிறவர்கள் இரும்புச் சாரத்தின் மேல் வரிசையாக நின்று ஓட்டுவோம். கூட வேலை செய்தவர் ஒருவர் வெளிநாடு போகும்போது பாதி விலைக்குத் தள்ளிவிட்டுப் போன கார் என்னுடையது. ஒரு முறை ஓட்டிப் பார்த்தேன், அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன். அங்கே ஓட்டுகிற ஒரே பொம்பளை நான்தான். ஆரம்பத்தில் சில பேர் சிரித்தார்கள். இரண்டு மாதத்தில் சிரிப்பு நின்றுபோயிற்று.

என் பிழைப்பையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்த முட்டாள்தனத்தின் அளவு புரியாது. தாம்பரம் பக்கம் வண்டி உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. பதினாறு வருடமாக என் மேஜைக்கு வருவதெல்லாம் புஷ். துளைக்குள் பின் ஆடாமல் இருக்க நடுவில் போடுகிற குழாய்த் துண்டுதான் புஷ். அதில் அளவுக்கம்பியை விட்டுப் பார்ப்பேன். முடி அளவு ஆடினாலும் சிவப்பு ட்ரேயில் போட்டுவிடுவேன். சூப்பர்வைசர் வந்து கெஞ்சுவார், மேனேஜர் வந்து முறைப்பார். சிவப்பு ட்ரேயில் போட்டது போட்டதுதான். எனக்குக் கோபம் அதிகம் என்று கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும். நானும் மறைத்ததில்லை.

இப்படிப்பட்ட என்னுடைய கார், டிசம்பரில் இருந்தே சரியில்லை. பெரிய மேட்டில் தாவி இறங்கியதும் வருகிற வலது வளைவில், வேகம் கொடுத்தால் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போகும். ஸ்பிரிங் மாற்றினேன். ஷாக்கில் கெட்டியான எண்ணெய் ஊற்றினேன். டயர் மாற்றினேன். பாதை போட்டவரைத் திட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. கையை மெதுவாக வைத்து எப்படியோ சமாளித்து ஓட்டி அரையிறுதி வரைக்கும் வந்துவிட்டேன்.

அரையிறுதி இரண்டு. ஒவ்வொன்றிலும் முதல் நான்கு பேர் இறுதிப் பந்தயத்துக்குப் போவார்கள். முதல் அரையிறுதியில் நான் முன்னால் போய்க்கொண்டிருந்தேன். என் பின்னால் ஒரு பச்சைக் கார். ஓட்டியவர் பம்மல்காரர். தோல் பை தைக்கிற மிஷின்களை ரிப்பேர் செய்கிறவர், முப்பது வயது இருக்கும். எங்கள் கூட்டத்தில் அவரை விட வேகமாக ஓட்டுகிறவர் கிடையாது. அதனாலேயே எனக்கு அவரைப் பிடிக்காது. கடைசிக்கு முந்தைய சுற்று. அதே வலது வளைவு. பச்சைக் கார் என் காரை ஒட்டி வந்தது. என் கார் சட்டென்று சுழன்று பின்பக்கமாகத் திரும்பி நின்றது. அவர் தாண்டிப் போனார். அவருக்குப் பின்னால் மூன்று பேர் போனார்கள். அவர் முதல், நான் ஐந்து.

சாரத்தில் இருந்து இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டேன். வேண்டுமென்றே இடித்தான், பின்சக்கரத்தில் இடித்தான், நான் பார்த்தேன் என்று கத்தினேன். பந்தயம் நடத்துகிறவர் சாதுவான ஆள். விளம்பரப் பலகை செய்கிற கடை வைத்திருக்கிறார். என்னிடம் வாய் கொடுக்க அவருக்குப் பயம். மற்றவர்களைக் கேட்டார். ஒட்டித்தான் வந்தது என்று இரண்டு பேர் சொன்னார்கள். இடித்ததைப் பார்த்தேன் என்று யாரும் சொல்லவில்லை. அந்த வித்தியாசம் அப்போது என் காதில் ஏறவில்லை.

பச்சைக் கார்க்காரர் என்னைப் பார்த்து, "அக்கா, சத்தியமா டச் பண்லக்கா. உங்க வண்டி தானா சுத்துச்சு," என்றார்.

"தானா சுத்தறதுக்கு அது இன்னா பம்பரமா?" என்று கேட்டேன். நாலு பேர் சிரித்தார்கள். சிரித்தவர்கள் என் பக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் நடத்துகிறவர் தீர்ப்புச் சொன்னார். பச்சைக் காரின் முதலிடம் ரத்து. வேண்டுமானால் இரண்டாவது அரையிறுதியில் கடைசி ஆளாகக் கிளம்பலாம். அவர் இடம் போனதால் ஐந்தாவதாக வந்த நான் நான்காவது ஆகி இறுதிப் பந்தயத்துக்குள் வந்துவிட்டேன்.

எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒரு பந்தயம் ஓட்டி முடித்தவர்கள் ரிமோட்டை வைத்துவிட்டு, அடுத்த பந்தயத்துக்கு வளைவுக்கு ஒருவராகப் போய் நிற்க வேண்டும். ஏதாவது கார் கவிழ்ந்தால் ஓடிப்போய்த் திருப்பி விட வேண்டும். யார் காராக இருந்தாலும் சரி, எதிரி காராக இருந்தாலும் சரி. அப்படி நிற்கப் போனபோது, எனக்கென்று வந்து வாய்த்தது அதே வலது வளைவு.

இரண்டாவது அரையிறுதி தொடங்கியது. பச்சைக் கார் கடைசியில் இருந்து ஒவ்வொன்றாகத் தாண்டி வந்தது. பாதிப் பந்தயத்தில் மூன்றாவது இடம். அப்போது என் வளைவில் வேறொரு கார் குறுக்கே வந்து முட்ட, பச்சைக் கார் கவிழ்ந்து என் காலடியில் வந்து விழுந்தது. எடுத்தேன்.

எடுத்த கை பின்சக்கரத்தில் பட்டது. பதினாறு வருடப் பழக்கம், கை சும்மா இருக்காது. சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தது. ஒரு அசைவும் இல்லை. அதே சமயம் ஆர்ம் மேலும் கீழும் வெண்ணெய் மாதிரி போய் வந்தது. ஆடவும் இல்லை, இறுகவும் இல்லை. என் மேஜைக்கு வந்திருந்தால் பார்த்த உடனே பாஸ் போட்டிருப்பேன். என் காரில் இதை நான் ஆட்டிப் பார்த்ததே இல்லை. ஸ்பிரிங் மாற்றினேன், எண்ணெய் மாற்றினேன், டயர் மாற்றினேன். சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்க்கவில்லை.

"அக்கா, வுடுக்கா" என்று சாரத்தின் மேலிருந்து குரல் வந்தது. அப்போதுதான் காரை இன்னும் கையில் வைத்திருக்கிறேன் என்பது உறைத்தது. கீழே விட்டேன். மூன்று நொடி போயிருக்கும். அந்தப் பந்தயத்தில் அவர் ஐந்தாவதாக வந்தார். நான்காவது காருக்கும் அவருக்கும் நடுவில் ஒரு கார் நீளம்தான். மூன்று நொடி இருந்திருந்தால் எங்கேயோ போயிருப்பார். அவர் வெளியே, நான் உள்ளே.

சாப்பாட்டு நேரம் விட்டார்கள். எல்லாரும் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். நான் பாதை ஓரத்தில் போட்டிருந்த என் மேஜைக்குப் போய்க் காரைத் தூக்கிப் பின்சக்கரத்தைப் பிடித்து ஆட்டினேன்.

ஆடியது. பல் விழப்போகிற குழந்தையின் பல் மாதிரி ஆடியது. பின்னைக் கழற்றி ஆர்மின் துளையைப் பார்த்தேன். வட்டமாக இருக்க வேண்டிய துளை முட்டை வடிவத்தில் இருந்தது. செம்மண்ணும் தண்ணீரும் சேர்ந்து உப்புத்தாள் மாதிரி மாதக்கணக்கில் தேய்த்திருக்கிறது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், இரண்டிலும் அதே கதை. சக்கரத்தைத் திசைபிடித்து நிறுத்துகிற பால் ஜாயின்டில், உருண்டை உட்காருகிற கிண்ணமும் லொடலொட. வேகம் கொடுத்தால் பின்சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பிக்கொள்ளும். வளைவில் வழுக்காமல் வேறென்ன செய்யும்? அந்த முட்டாள் துளையில் என் கம்பெனி அளவுக்கம்பியை விட்டிருந்தால் அது உள்ளே நடனமே ஆடியிருக்கும்.

இருந்தாலும் மனசு ஒத்துக்கொள்ளவில்லை. அவனும் இடித்திருக்கலாமே என்றது. பின்னைத் திரும்ப மாட்டி, காலிப் பாதையில் காரை விட்டேன். பக்கத்தில் வேறு கார் இல்லை. மேட்டில் தாவி இறங்கி, வலது வளைவில் காலையில் கொடுத்த அதே வேகத்தைக் கொடுத்தேன். சுழன்றது. இன்னொரு முறை. சுழன்றது. மூன்றாவது முறையும் அதே இடத்தில், அதே மாதிரி, பின்பக்கமாகத் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் சில பேர் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இறுதிப் பந்தயத்தில் நான் இருப்பேன். எங்களிலேயே வேகமான ஆள் இருக்க மாட்டார். சொன்னால் அவர் முதலிடம் அவருக்குத் திரும்பப் போகும், நான் பழையபடி ஐந்தாவது. வெளியே. இதை யோசித்தேனா என்றால் யோசித்தேன். பொய் சொல்ல விரும்பவில்லை. ஒரு நிமிஷம் நன்றாகவே யோசித்தேன். பிறகு இன்னொன்று நினைவுக்கு வந்தது. ஆடுகிற புஷ்ஷைத் தெரிந்தே பாஸ் போட்டால் அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியும். அதைச் செய்த ஒருத்தியை நானே கம்பெனியில் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறேன்.

நடத்துகிறவரிடம் போய் மைக்கை வாங்கினேன். "காலைல என் வண்டியை யாரும் இடிக்கல. என் வண்டி தேஞ்சு போயிருக்கு. தானாதான் சுத்துச்சு. நான் சொன்னது தப்பு," என்றேன். சரியாக அந்த நேரம் பார்த்து மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானம் ஒன்று தலைக்கு மேல் இரைந்துகொண்டு போனது. ஒருத்தர் காதிலும் விழவில்லை. "இன்னாக்கா சொன்ன?" என்று பின்னாலிருந்து கேட்டார்கள். திரும்பவும் முதலில் இருந்து சொல்ல வேண்டியிருந்தது. ஒரே தப்புக்கு இரண்டு முறை தலை குனிந்தவள் நானாகத்தான் இருப்பேன்.

நடத்துகிறவர் அட்டையில் என் பெயரை அடித்துவிட்டுப் பச்சைக் கார்க்காரர் பெயரை எழுதினார். நான் அவர் மேஜைக்குப் போனேன். இதையும் சொல்லிவிட வேண்டும் என்று, "தம்பி, உன் வண்டியை அங்க லேட்டா வுட்டேன்," என்றேன்.

"தெரியும்க்கா. மேல நின்னு பாத்துகினுதான இருந்தேன். காண்டுல புடிச்சு வெச்சிருக்கன்னு நெனச்சேன்."

"காண்டு இல்ல. வீலை ஆட்டிப் பாத்தேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. பக்கத்து மேஜைக்காரர்களை எல்லாம் கூப்பிட்டுச் சொன்னார். "கேட்டியாடா, ரேஸ் நடக்கச் சொல்லோ அக்கா என் வண்டிக்கு க்வாலிட்டி செக் பண்ணிகீது." அப்புறம் நடத்துகிறவரைப் பார்த்துக் கத்தினார். "சார், எட்டு வண்டியோட ஒம்போதாவதா அக்காவையும் சேத்துக்கோங்க. கடைசில இருந்து கிளம்பட்டும். யாருக்குனா ஆட்சேபனை கீதா?" வயிறு நிறைந்திருந்த நேரம், சண்டை போட யாருக்கும் தெம்பில்லை.

"வண்டியே ஆடுது, வெச்சிகினு இன்னா பண்றது?" என்றேன். புது ஆர்ம் ஆர்டர் கொடுத்தால் வர இரண்டு வாரம். என் ரகக் கார் வேறு யாரிடமும் இல்லை.

"புஷ்ஷு புஷ்ஷுன்னு பதினாறு வருஷமா அதயே பாத்துகினு கீற. ஒரு புஷ்ஷு போடத் தெரியாதா?" என்றார். தன் பெட்டியின் அடியில் இருந்து செத்துப்போன ஒரு பழைய ரிமோட்டை எடுத்தார். இழுக்க இழுக்க நீளுகிற ஏரியல் வைத்தது. எனக்கு அவர் சொல்லாமலே புரிந்துவிட்டது. ஏரியல் என்பது ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய பித்தளைக் குழாய்கள்தானே? உருவிப் பிரித்தோம். ஒவ்வொரு குழாயிலும் பின்னை விட்டுப் பார்த்தேன். ஒன்று நுழையவில்லை. அடுத்தது இறுக்கம். அதற்கும் அடுத்ததில் ஆடாமல் அசையாமல், தானாக வழுக்கி இறங்கியது.

கைப்பையில் அளவெடுக்கிற வெர்னியர் வைத்துக்கொண்டு திரிகிற பொம்பளை நான். என் வீட்டுக்காரர் அதை வைத்து என்னைக் கிண்டல் செய்யாத நாளில்லை. அன்றைக்கு அது உதவியது. குழாயின் வெளி அளவை நான் எடுத்துச் சொன்னேன். அதற்குச் சரியான பிட்டை அவர் கைத் துளைப்பானில் மாட்டி, ஆர்மின் துளையைக் கோணாமல் பெரிதாக்கினார். தையல் மிஷினில் பழகிய கை, நடுங்கவே இல்லை. நான் குழாயை நான்கு துண்டாக அறுத்து, அரத்தால் பிசிறு எடுத்து, உள்ளே தட்டி இறக்கினேன். பால் ஜாயின்டுக்கு டீக்கடையில் இருந்து காலிப் பால் பாக்கெட் ஒன்று வாங்கி வரச் சொன்னார். நகம் அளவு வெட்டிக் கிண்ணத்துக்கும் உருண்டைக்கும் நடுவில் வைத்து அழுத்தினார். ஆட்டம் நின்றுவிட்டது. இதை எந்தப் புத்தகத்திலும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

பத்து நிமிஷம் இருந்தது. ஷாக்கைக் கழற்றி வைத்துவிட்டு ஆர்மைத் தூக்கி விட்டுப் பார்த்தேன். இடது பக்கம் தன் எடையிலேயே தொப்பென்று விழுந்தது, அப்படித்தான் விழ வேண்டும். வலது பக்கம் பாதியில் நின்றது. "போதும்க்கா, ஓடிடும்," என்றார். "ரிஜெக்ட்," என்றேன். "பேஜாரா கீதே உன்னோட," என்று தலையில் அடித்துக்கொண்டு திரும்பவும் கழற்றினார். உள்ளே ஒரு பிசிறு. எடுத்தோம். மாட்டினோம். விழுந்தது. சக்கரத்தைப் பிடித்து ஆட்டினேன். கல் மாதிரி இருந்தது.

இறுதிப் பந்தயம். அவர் முதலாவதாக நின்றார், நான் ஒன்பதாவதாக. முதல் மேட்டிலேயே நடுவில் இருந்த நான்கு கார்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கவிழ்ந்தன. ஓரமாகப் புகுந்து தாண்டினேன். பிறகு வந்தது அந்த வலது வளைவு. டிசம்பரில் இருந்து அங்கே பயந்து பயந்து ஓட்டிய விரல், அன்றைக்கும் முதலில் பயந்தது. அடுத்த சுற்றில் பல்லைக் கடித்துக்கொண்டு முழு வேகத்தையும் கொடுத்தேன். கார் கோடு போட்ட மாதிரி போனது. ஒரு இம்மி வழுக்கவில்லை. என் வாயில் இருந்து என்ன சத்தம் வந்தது என்று தெரியவில்லை, பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார்.

அப்புறம் ஒவ்வொரு சுற்றிலும் அந்த வளைவில்தான் ஆள் பிடித்தேன். மற்றவர்கள் வேகம் குறைக்கிற இடத்தில் நான் கொடுத்தேன். நான்காவது, மூன்றாவது, இரண்டாவது. கடைசிச் சுற்றில் பச்சைக் காரும் என் காரும் மேட்டில் ஒன்றாகத் தாவின. வளைவின் உள்பக்கம் நான், வெளிப்பக்கம் அவர். காலையில் இருந்த அதே இடைவெளி. காலையில் நான் சொன்ன மாதிரி அவர் இடிக்கிற ஆளாக இருந்தால் அதை விட நல்ல சந்தர்ப்பம் கிடைத்திருக்காது. விரல் அளவு இடம் விட்டுச் சுத்தமாக ஓட்டினார். நானும் இடிக்கவில்லை. வளைவை விட்டு வெளியே வரும்போது என் கார் அரைக் கார் முன்னால் இருந்தது. கோட்டைத் தாண்டும்போதும் அரைக் கார் முன்னால். ஒன்பதாவதாகக் கிளம்பி முதலாவதாக வந்தேன். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். கோப்பை எங்கள் வீட்டு டிவி மேஜையில் இருக்கிறது.

சாரத்தில் இருந்து இறங்கினதும் அவர் கையை நீட்டினார். "ஏரியல் என்னுது, கப்பு உன்னுது. நல்லா கீதுக்கா நியாயம்," என்றார். அந்த மைதானத்தில் என்னை ஒருவர் சந்தோஷமாகத் திட்டியது அதுதான் முதல் தடவை.

ஜெயித்தாலும் பழக்கத்தை மீற முடியாது. அடுத்தது புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான பந்தயம். கோப்பையை மேஜையில் வைத்துவிட்டு நான் போய் அதே வளைவில் நின்றேன், அவர் பக்கத்து வளைவில். ஒரு சிவப்புக் கார் கவிழ்ந்து என் பக்கம் உருண்டு வந்தது. ஓடிப்போய் எடுத்தேன்.

"அக்கா, ஆட்டிப் பாக்காம வுடு," என்று அங்கிருந்து கத்தினார். மைதானமே சிரித்தது. நானும் சிரித்தேன். ஒரு நொடியில் விட்டேன்.

இரண்டு வாரம் கழித்துப் புது ஆர்ம் வந்தது. பித்தளைக் குழாய் போட்ட பழைய ஆர்ம் இரண்டையும் தூக்கிப் போடவில்லை. கம்பெனியில் என் மேஜையில், சிவப்பு ட்ரேக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். கோபம் எனக்குக் குறையவில்லை, குறையவும் போவதில்லை. ஆனால் இன்றைக்கும் யாரையாவது சிவப்பு ட்ரேயில் தூக்கிப் போட வாயைத் திறக்கும்போது, என் கை முதலில் அந்த ஆர்மைத் தொட்டுப் பார்க்கிறது, என் சக்கரம் ஆடவில்லையே என்று.